ஒன்பதாம் நாள் எலுமிச்சம்பழச் சாறு

கல்யாணம் செய்து என்னைக் கன்னடச் சீமையில் இருக்கும் ஜோகுபாளையத்துக்கு அழைத்து வந்தபோது, புருஷனோடு இன்னொரு ஆளையும் சேர்த்தே என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு ஆள், என் கணவர் வேலை செய்த நூல் மில்லின் சங்கத் தலைவர். மில்லில் எல்லோரும் அவரை அண்ணன் என்றார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அண்ணன் என்றார்கள். போதாததற்கு அவரே தன்னை அண்ணன் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, "அண்ணனுக்கு மீன் கொழம்புன்னா உயிரு, தங்கச்சி" என்றார். நான் அப்பாவியாக, "அப்படியா? உங்க அண்ணன் எங்க இருக்காரு? ஒரு கிண்ணத்துல ஊத்திக் குடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். என் கணவருக்குப் புரை ஏறிவிட்டது. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் மைக்கை விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொன்னார்.

அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தீர்த்துவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு தொழிலாளியின் கை மிஷினில் மாட்டியபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். கட்டுப் பிரிக்கும்போது அந்த ஆளின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டவர். அந்த மூன்று நாளை வருஷம் முழுக்கப் பேசினார் என்பதும் உண்மை. பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார். கூட்டத்துக்கு முன்னால் அதை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார். துக்கக் கூட்டமானால் முன்னால் ஒரு கற்றை முடியைக் கலைத்துவிட்டுக்கொள்வார்.

என் கணவர் அதற்கு நேர் எதிர். ஊதினால் பறக்கிற உடம்பு. பேச்சு அதைவிட மெல்லிசு. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் நான் ஒவ்வொன்றாக எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் இருந்த கொஞ்சல் எல்லாம் அதுதான். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் தட்டுகிறவர் தலைவராகத்தான் இருப்பார்.

கல்யாணமான அடுத்த வருஷம் எனக்கு உண்டாகி நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. கடுமையான காய்ச்சலில் பத்து நாள் படுக்கையில் கிடந்தபோது நடந்தது அது. அந்தப் பத்து நாளும் என் கணவர்தான் சமைத்தார். அவர்தான் அல்சூர் வரை நடந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வரிசையில் அப்போது குழாய் கிடையாது. ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்த வாரம், தலைவர் கார்ப்பரேஷன் அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வரிசைப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். என்னை வெளியே கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணைப் பாருங்க சார். நெறமாசம். அல்சூர்லேர்ந்து கொடம் தூக்கிகினு வர்ற வழியில வயித்துப் புள்ளையப் பறிகுடுத்துட்டா. ஒரு கொழா இருந்திருந்தா அந்தக் கொழந்த இன்னைக்கு உசுரோட இருந்திருக்கும். இருந்திருக்குமா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு அழுதார். அது நடிப்பாக இருந்திருந்தால் நான் அப்போதே அவரை வெறுத்துவிட்டிருப்பேன். நிஜமாகவே அழுதார். கண்ணீர் சட்டையில் சொட்டியது. தான் சொல்வது பொய் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கே மறந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் கணவரைப் பார்த்தேன். நாலு மாசம் சார், காய்ச்சல் சார், தண்ணி தூக்கினது நான் சார் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரத்தில் குழாய் வந்துவிட்டது. எங்கள் கதவிலிருந்து பத்து அடி. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, இனிப்பான தண்ணீர். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவள் ஆவேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரிடம் கேட்டேன்.

"தண்ணி வந்துச்சில்ல" என்றார்.

"நம்ம கொழந்தய வெச்சுத்தான் தண்ணி வரணுமா?"

இரண்டு நாள் நான் அவர் முகத்துப் பஞ்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் மனசு கேட்கவில்லை.

மறுவருஷம் மில்லில் ஏழு பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பண்டிகை நாளில் வேலைக்கு வர மறுத்தார்கள் என்பதுதான் குற்றம். தலைவர் கேட் வாசலில் கூட்டம் போட்டு, ஏழு பேரையும் திரும்ப எடுக்காவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். "அண்ணன் உசுரு உங்களுக்குத்தான்" என்றார். கூட்டம் கதறியது. அவருக்கு மாலை போட்டார்கள். மறுநாள் காலையில் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. அண்ணன் படுத்துவிட்டால் கம்பெனியோடு பேசுவது யார்? தன் கழுத்து மாலையைக் கழற்றி என் கணவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

அந்த மாலையோடேயே என்னிடம் சொல்ல வீட்டுக்கு வந்தார் என் கணவர்.

"ஏங்க, அத்தினி பெரிய மில்லுல வேற ஆளே கெடைக்கலயா?"

"அண்ணன் என்னத்தான் நம்பறாராம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் பார்க்காத ஒரு வெட்கம். பிறந்ததிலிருந்து யாரும் அந்த மனுஷனைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்ததில்லை. முதன்முதலாக ஒருவர் அழைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன திட்டுவது? மாலையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். உப்புப் போட்ட தண்ணீர் மட்டும் உண்டு. காலையும் மாலையும் நான் போவேன். மூன்றாம் நாள்வரை, "இன்னைக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணும் வெக்கல" என்பேன். அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் உதடு வெடித்தது. எட்டாம் நாள் பேச்சு குழறியது. பக்கத்து டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, ஏற்கெனவே இளைத்த உடம்பு, இனி ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தலைவர் காலில் விழுந்தேன். "போதும்ணா, எழுப்பிடுங்கணா" என்று கெஞ்சினேன்.

என்னைத் தூக்கி நிறுத்தினார். "அவனைச் சாக வுடுவனா தங்கச்சி? கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிஷம், அண்ணன் கையால எலுமிச்சம்பழச் சாறு. இது சத்தியம்."

ஒன்பதாம் நாள் காலையில் போனேன். உள்ளே பேச்சு நடக்கிறது, கூட்டம் போடாதே என்று திருப்பி அனுப்பினார்கள். பாயில் கிடந்தவரிடம் எரிச்சலில், "உங்களுக்கு அந்த அண்ணன்தான் பொண்டாட்டி. அவரே வந்து பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். குழாயில் குடத்தை வைத்திருந்தேன். மில் ஆபீஸ் பியூன் சைக்கிளில் அந்த வழியாகப் போனார். கன்னடக்காரர், வயசானவர், நல்ல மனுஷன். என்னைப் பார்த்ததும் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னூ இல்லே இதீராம்மா? எல்லா முகிதோய்த்து. பெளிக்கேனே முகிதோய்த்து. ஹோகி, ஹோகி" என்று கையை மில் பக்கம் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் கன்னடம் அப்போது தண்ணீருக்கு நீரு, வேண்டாம் என்பதற்கு பேடா, எவ்வளவு என்பதற்கு எஷ்டு என்ற அளவில்தான். கண்டோன்மென்ட் பக்கத்தில் தமிழும் கொஞ்சம் துலுக்க பாஷையும் இருந்தால் பிழைத்துவிடலாம். ஆனால் 'முகிதோய்த்து' எனக்குத் தெரிந்த வார்த்தை. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெரியவர் படுக்கையில் கிடந்து செத்தபோது, அவர் மகள் வெளியே வந்து தெருவைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

குடத்தை விட்டேன். குழாயை மூடவில்லை. கூந்தல் அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் வரிசைப் பெண்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோட்டில் நாங்கள் போனபோது பஸ் நின்று வழிவிட்டது. வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். கடைசியாக அவரிடம் என்ன சொன்னேன்? அந்த அண்ணன்தான் பொண்டாட்டி என்றேன். அதைக் கேட்டுக்கொண்டா போய்விட்டார்?

மில் கேட்டில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூல் மேல் நின்று மைக் எந்தப் பக்கம், மாலை எந்தப் பக்கம் என்று தலைவர் கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் தோரணமா என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் பாய் இருந்தது. பாயில் என் கணவர் ஒரு முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த பெண் கூட்டத்தைப் பார்த்து வெலவெலத்துப் போய், "யாரு... யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"நீங்கதான்" என்றேன்.

சொல்லிவிட்டு அவர் மேல் விழுந்து அழுதேன். அந்த எலும்புக் கூட்டை நான் கட்டிக்கொண்டதை ஊரே பார்த்தது. பரவாயில்லை என்று இருந்தது. பியூன் சொன்னதை அழுகைக்கு நடுவே சொன்னேன். பக்கத்தில் நின்ற கன்னடம் தெரிந்த ஒரு தொழிலாளி சிரித்துவிட்டார்.

"சாவு இல்லக்கா. பேச்சு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்காரு. கம்பெனி ஒத்துக்கிச்சு, கையெழுத்து ஆயிடுச்சு, காலையிலயே..." என்று ஆரம்பித்தவர், 'காலையிலயே' என்ற இடத்தில் நின்றுவிட்டார். சிரிப்பும் நின்றது. எல்லோரும் ஸ்டூல் மேல் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் இறங்கி வந்தார். கொஞ்சமும் பதறவில்லை. என் தோளைத் தொட்டுத் தனியாக ஒதுக்கி, பாசமாகத்தான் சொன்னார். "கேளு தங்கச்சி. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பேப்பர்காரங்க வர்றாங்க. போட்டோ புடிக்கிறாங்க. நாளையோட பத்து நாளு. ஒம்போது நாளுன்னா எவன் பேசுவான்? பத்து நாளு பட்டினின்னா ஊரே பேசும். அடுத்த தடவ கம்பெனிக்காரன் நம்ம மேல கை வெக்கவே பயப்படுவான். எல்லாம் இவங்க நல்லதுக்குத்தான். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி."

மைக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார், மறுநாளைக்கு. அதிலிருந்து இரண்டு எடுத்தேன். டீக்கடையில் கத்தி வாங்கி அறுத்து, தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கண்ணாடித் தம்ளரில் கலந்துகொண்டு வந்தேன்.

பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தாண்டித் தலைவரைப் பார்த்தார். ஒன்பது நாளில் நான் பயந்ததெல்லாம் அந்த ஒரு பார்வைக்கு முன்னால் ஒன்றுமில்லை. இவர் குடிக்கமாட்டார், அண்ணன் சொல்லும்வரை குடிக்காமலே செத்துப்போவார் என்று தோன்றியது.

"அண்ணே," என்றார். குரல் காற்றாக வந்தது. "காலையிலயே முடிஞ்சுட்டுதா?"

"அண்ணன் எது செஞ்சாலும் உங்க நல்லதுக்குத்தான்டா."

"அது தெரியும்ணே. காலையிலயே முடிஞ்சுட்டுதான்னுதான் கேக்கறேன்."

தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ரொம்ப நேரம் இல்லை. கூட்டம் கவனிக்கிறது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "குடு தங்கச்சி, அண்ணன் கையால குடுக்கறேன்" என்று குனிந்து தம்ளரைப் பிடித்தார். என் கணவர் தன் குச்சிக் கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தார். தள்ளவில்லை, சும்மா வைத்தார்.

"அவ குடுக்கட்டும்ணே."

குடித்தார். அவசரத்தில் நான் வடிகட்டவில்லை. ஒரு விதை அவர் உதட்டு வெடிப்பில் ஒட்டிக்கொண்டது. பஞ்சை எடுப்பதுபோல விரல் நுனியால் எடுத்தேன். பழக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜட்காவில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சேறு.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தலைவர் அதே ஜட்காவை அனுப்பினார், போட்டோவுக்கு. நான் ஜட்காக்காரனை விரட்டப் போனேன். என் கணவர் மெதுவாக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "ஏழு பேரும் வேலைக்குப் போறாங்கில்ல. போயிட்டு வந்துடறேன்" என்றார். அவரைத் திருத்த முடியாது. போவதானால் கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். குடித்துவிட்டுப் போய், அதே பாயில் படுத்து, தலைவர் கையால் ஒரு தம்ளர் சாறு வாங்கிக்கொண்டார். பேப்பரில் பத்து நாள் என்று வந்தது. போட்டோவில் தலைவர் முன்முடி ஒரு கற்றை கலைந்திருந்தது.

அப்புறம் நாலைந்து வருஷம் ஓடியது. எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தலைவர் கார்ப்பரேஷனுக்கு நின்று ஜெயித்தார். அல்சூரில் பாராட்டு விழா வைத்தார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அவர் பேச ஆரம்பித்தார். மீன் குழம்புக் கதை வந்தது. குழாய்க் கதை வந்தது. குடம் தூக்கிப் பிள்ளையைப் பறிகொடுத்த தங்கச்சி வந்தாள், அவர் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நாள் பட்டினி வந்தது. "அந்தத் தியாகி இங்கதான் இருக்கான்!" என்று என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார். இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்.

மடியில் பெண்ணை வைத்துக்கொண்டு நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பார்த்து அவர் நின்ற நிலையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார். "பத்து நாளு இல்லீங்க. ஒம்போது. ஒம்போதாம் நாளு மத்தியானம் என் சம்சாரம் எலுமிச்சம்பழச் சாறு குடுத்தா. குடிச்சுட்டேன்."

கூட்டம் சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. எங்க கொழந்த தண்ணி தூக்கிப் போவல. நாலு மாசத்துல காய்ச்சல்ல போச்சு. அப்ப தண்ணி தூக்கினது நானு. அவ மேல தப்பு ஒண்ணுமில்ல."

தலைவர்தான் முதலில் கை தட்டினார். மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, இவனுக்கு மேடையில பேசக் கத்துக்குடுத்ததே அண்ணன்தான்!" என்றார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மேல் தப்பு இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. தூக்காத குடத்தைத் தூக்கியதாக ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டு, காய்ச்சலுக்கு முந்தின வாரம் தூக்கினேனே, அதனால்தானோ என்று ஒவ்வொரு தடவை குழாயைத் திறக்கும்போதும் எனக்கு மனசில் ஓடும். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர் படி இறங்கி நேரே பெண்கள் பக்கம் வந்தார். மடியில் தூங்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போலாமா?" என்றார்.

"ம்" என்றேன்.